ஐந்தாம் நம்பர் வண்டியின் முரண்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று நெட்டைக்கு ஒரு பல் குறைந்தது. எங்களுக்கு ஒரு வண்டி குறைந்தது.

நெட்டை எங்கள் மெத்தை டெலிவரி வேன் டிரைவர்களில் மூத்தவர். ஆறடிக்கு மேலே மூன்று அங்குலம். வேனுக்குள் ஏறும்போது முதலில் கழுத்தை மடித்து உள்ளே வைப்பார், பிறகுதான் காலை. காலையில் இரண்டாம் நம்பரோடு போனவர், மதியம் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தத்தோடு வந்து இறங்கினார். பாலத்துக்கு அடியில் இரண்டு பைக் மறித்ததாம். ஒருவன் ஸ்பானரால் கண்ணாடியைத் தட்டினானாம். வழி கேட்கிறான் என்று இவர் கண்ணாடியை இறக்கினாராம். அதே ஸ்பானர் வாய்க்குள் வந்ததாம்.

ஏற்றியிருந்த ஏழு மெத்தைகளையும் சாலையோரம் ஒழுங்காக அடுக்கிவிட்டு வேனை மட்டும் ஓட்டிப் போயிருக்கிறார்கள். மூன்றே நாளில் பிரித்து, எஞ்சின் ஓர் ஊருக்கு, கதவு ஓர் ஊருக்கு என்று அனுப்பிவிடுவார்களாம். இந்த வருடத்தில் இது மூன்றாவது. பன்னிரண்டாக இருந்தது ஒன்பதாகிவிட்டது. மெத்தை ஏற்றுகிற இடத்தில் மெத்தனம் கூடாது என்று நான் சொன்னதற்கு அம்மா தலையில் குட்டினாள்.

நெட்டை அப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது ‘சார்’ எல்லாம் ‘ஷார்’ என்று வந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெத்தைக்கு உறை போடுகிற சாக்கில் குடோனுக்குள் ஓடிவிட்டேன். ரத்தத்தைப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணை என்னவென்று சொல்வது? சித்தப்பா ‘வாலு’ என்கிறார். அது போதும்.

மார்ச் 5, வியாழன்

வயிற்றுவலி என்று பள்ளிக்கு லீவு போட்டேன். ஒன்பது மணிக்குக் கருவி பொருத்துகிறவர் வந்ததும் வலி சரியாகிவிட்டது.

ஒவ்வொரு வேனிலும் டிரைவர் சீட்டைக் கழற்றி, அடியில் தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி ஒன்றைப் பதித்தார். பெட்டிக்குள் ஒரு சிம். டிரைவரின் ஆசனத்துக்குக் கீழே சிம் இருப்பதால் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் சூட்டினேன். பொருத்துகிறவர் சிரிக்கவில்லை, வாயில் ஸ்க்ரூ வைத்திருந்தார்.

வண்டி எங்கே இருக்கிறது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் போனில் மேப்பாகத் தெரியும். அது ஒன்று. இரண்டாவது, போனில் ‘நிறுத்து’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எஞ்சினுக்குப் போகிற டீசல் நின்றுவிடும். வேகம் இருபதுக்குக் கீழே இறங்கும்வரை பெட்டி காத்திருந்து அதன் பிறகுதான் நிறுத்துமாம், இல்லாவிட்டால் விபத்தாகும். ‘விடு’ என்று அழுத்தினால் பழையபடி ஓடும். மூன்றாவதுதான் அமர்க்களம். அந்தச் சிம்முக்குப் போன் போட்டால் மணி அடிக்காமல் தானாகவே எடுத்துக்கொள்ளும். வண்டிக்குள் பேசுவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவது அங்கே கேட்காது.

அப்பாவுக்குப் போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும். அதனால் அப்பா போன், அம்மா போன், என் போன் மூன்றிலும் நானே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன்.

டிரைவர்களிடம் மேப்பைப் பற்றி மட்டும் சொன்னார் அப்பா. நிறுத்துவதும் கேட்பதும் நம் மூன்று பேரைத் தாண்டக் கூடாதாம். பறிபோன மூன்று வண்டியும் எந்த வழியில் எத்தனை மணிக்கு வரும் என்று திருடர்களுக்குத் தெரிந்திருக்கிறது, உள்ளேயிருந்து எவனோ சொல்கிறான் என்கிறார். சித்தப்பாவிடமாவது சொல்லலாமே என்றேன்.

“அவனுக்கு ஓட்டை வாய். காலையில சொன்னா மத்தியானம் ஊருக்கே தெரியும்” என்றார்.

தம்பியைப் பற்றி அண்ணன் சொல்வது. நான் எதற்கு நடுவில்?

மார்ச் 7, சனி

எழுதவே முடியவில்லை, சிரித்துச் சிரித்து.

சித்தப்பா ஓட்டுவது ஐந்தாம் நம்பர். மேப்பில் அவர் பொம்மைக் கடை சிக்னலில் நின்றார். வேகம் பூஜ்யம். ‘நிறுத்து’. உடனே சிம்மாசனத்துக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். சாவியைத் திருப்புகிற சத்தம். மறுபடி. மறுபடி. பின்னால் ஹாரன் கச்சேரி. சித்தப்பா கோபப்படவே இல்லை. மாடி அறையில் தனியாக இருக்கிற மனிதர், கல்யாணம் கில்யாணம் ஒன்றும் இல்லை, வண்டிதான் எல்லாம்.

“என்ன ராசாத்தி, காலையில கண்ணாடி துடைக்கலைன்னு கோவமா?” என்று கொஞ்சினார். “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்டி. நடுரோட்டுல மானத்தை வாங்காத.”

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துண்டைக் கடித்தேன். இரண்டு நிமிடம் கழித்து ‘விடு’. சாப்பிடும்போது அவரே கதையாகச் சொன்னார், பின் தெரு மெக்கானிக்கிடம் காட்டியதையும் சேர்த்து. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வண்டி நிறுத்துகிற முற்றத்தில் அடிதடி. யார் வழி சொல்கிறான் என்று பேச்சு வந்திருக்கிறது. நெட்டை ஒரு டிரைவரின் கழுத்தை வேன் கதவில் வைத்து அழுத்திவிட்டார். அவன் கண் பிதுங்கியது. சித்தப்பா பின்னாலிருந்து நெட்டையின் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டித்தான் பிரித்தார். ஒரு டிரைவரும் ஒரு டிரைவரை நம்புவதில்லை இப்போது.

மார்ச் 11, புதன்

ஐந்தாம் நம்பர் இரண்டாவது முறை முரண்டு பிடித்தது. பெட்ரோல் பங்க் வாசலில், நான்கு நிமிடம்.

சித்தப்பா அதை மறுபடி பின் தெரு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனார். எங்கள் வண்டிகளை எல்லாம் பார்ப்பவர் அவர்தான். ஆளைவிட அவர் மீசை இரண்டு நிமிடம் முன்னால் வரும். நாற்பது நிமிடம் நோண்டிவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிற ஆளைத்தான் சர்வீஸ் பண்ண வேண்டும் என்றாராம்.

மார்ச் 14, சனி

மூன்றாவது. சித்தப்பா நேராக மெக்கானிக்கிடம். இந்த முறை மெக்கானிக் சீட்டுக்கு அடியில் கை விட்டுவிட்டார் போலிருக்கிறது. 11.20க்கு மூன்று போனிலும் சிவப்பாக வந்தது: கருவியின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. 11.34க்குத் திரும்ப வந்துவிட்டது.

என்ன இது என்று அப்பா கேட்டார். ஏதோ சிக்னல் கோளாறு என்றேன். தோண்டினால் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

இனிமேல் வேண்டாம். போதும். பிடிபடாமல் நிறுத்திக்கொள்வதும் ஒரு திறமைதான்.

மார்ச் 21, சனி

வரிசையாக எழுத வேண்டும். மறந்துபோவதற்கு முன்னால் இல்லை, மறக்கப் போவதில்லை. ஆனாலும் வரிசையாக.

மத்தியானம் மூன்றரை. நான் வீட்டில். அப்பா குடோனில். ஐந்தாம் நம்பர் செங்கல் சூளைப் பக்கம் திரும்பியது. அங்கே நமக்கு டெலிவரி கிடையாது. சித்தப்பா போனை எடுக்கவில்லை. சிம்மாசனத்துக்குப் போட்டேன்.

“நேராப் போ. தலையைத் திருப்பாத.” யாரோ. சித்தப்பா குரல் இல்லை. பின்னால் ஒரு பைக் சத்தம்.

அம்மா போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஒரு காதில் வண்டி, ஒரு காதில் அப்பா. குடோன் போனில் போலீசுக்குச் சொல்லிவிட்டதாகவும் பத்து நிமிடத்தில் வருவார்கள் என்றும் சொன்னார். நிறுத்து என்றார். சித்தப்பா உள்ளே இருக்கிறார்ப்பா என்றேன். அதனால்தான் நிறுத்து, எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்கள் என்றார். சரிதானே? அந்த நேரத்தில் அது சரியாகத்தானே இருந்தது?

அழுத்தினேன். மேடு ஏறும்போது வேகம் குறைந்து வண்டி நின்றது. 3.41.

சாவி திருப்புகிற சத்தம். மறுபடி. ஒருவன், “சுவிட்சு எங்கடா?” என்றான்.

சித்தப்பா, “சுவிட்செல்லாம் இல்லைங்க. இந்த வண்டி இப்படித்தான், அப்பப்ப முரண்டு பிடிக்கும். ரெண்டு நிமிஷம் சும்மா விட்டா தானா எடுக்கும். சத்தியமாங்க” என்றார்.

அறை விழுந்தது. அறைதான், எனக்கு வித்தியாசம் தெரியும். அடுத்தது அறை இல்லை. இரும்பு. சித்தப்பா ‘ஹக்’ என்றார், விக்கல் மாதிரி. சுவிட்சு எங்கே, சுவிட்சு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் அதையேதான் சொன்னார். முரண்டு பிடிக்கும், தானா எடுக்கும். மெக்கானிக்கிடமே காட்டினேன், கேட்டுப் பாருங்கள் என்றார். திருடர்களிடம் போய் மெக்கானிக்கைக் கேட்கச் சொல்கிறார்!

நான் கத்தினேன். சுவிட்ச் என்கிட்ட இருக்கு, என்கிட்ட இருக்கு. அந்தப் பக்கம் கேட்காது. கேட்காது என்று தெரிந்தே கத்தினேன்.

அப்பா விடாதே விடாதே என்றார், இன்னும் ஐந்து நிமிடம்தான் என்றார். அடிக்கிறாங்கப்பா என்றேன். அவன் தாங்குவான், போலீஸ் பாலம் தாண்டிவிட்டது என்றார். அப்பாவுக்கு அங்கே எதுவும் கேட்காது. எனக்குத்தான் கேட்டது.

பிறகு பக்கக் கதவை இழுத்தார்கள். தள்ளுகிற கதவு. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்; பாதியில் ஒருமுறை திக்கும், பிறகு ‘டக்’ என்று மூடும். முதல் முறை ‘டக்’ வரவில்லை. வேறு சத்தம். சித்தப்பா அலறினார். கையை வைத்து மூடியிருக்கிறார்கள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதுக்கு அவர் சத்தமே வரவில்லை.

‘விடு’ அழுத்திவிட்டேன்.

3.45. பத்து விநாடி.

எஞ்சின் பிடித்தது. “பார்றா, எடுத்துடுச்சு” என்று ஒருவன் சிரித்தான். எதையோ கீழே தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. இன்னும் இரண்டு நிமிடத்தில் யாரோ சீட்டைப் பெயர்த்தார்கள், லைன் போய்விட்டது. மேப்பில் ஐந்தாம் நம்பர் அங்கேயே நிற்கிறது. இப்போதும் நிற்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

ஏன் விட்டாய் என்று அப்பா அறைந்தார். காதுக்குள் இன்னும் ஊதுகிறது. என் போனையும் பிடுங்கிப் பூட்டிவிட்டார். பரவாயில்லை. அந்தக் காதில்தான் போனை வைத்திருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

மருத்துவமனை. சித்தப்பாவின் வலது கை தலையணை அளவுக்கு இருக்கிறது. சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். நடுவிரல் சந்தேகம். விலா எலும்பு இரண்டு. ஒரு கண் திறக்கவில்லை.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். வண்டி ஏன் நின்றது என்று கேட்டார். “அதுக்கு அந்த வியாதி உண்டு சார்” என்றார் சித்தப்பா. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நானும் நின்றேன்.

எல்லோரும் வெளியே போனதும் என்னைப் பார்த்துத் திறந்திருந்த கண்ணைச் சிமிட்டினார்.

“கடைசியில ராசாத்திதான், வாலு, என்னைக் காப்பாத்தினா. இன்னும் ஒரு நிமிஷம் படுத்திருந்தா, முடிஞ்சிருக்கும் என் கதை.”



மார்ச் 24, செவ்வாய்

பெட்டி பொருத்தியதிலிருந்து ஐந்தாம் நம்பர் எங்கெல்லாம் நின்றது என்று தன் போனைப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொன்னார் அப்பா. எழுதிக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. சிவப்புப் பேனாவால் மூன்று வட்டம் போட்டார். இரண்டு முறை நாற்பது நாற்பது நிமிடம், ஒருமுறை ஒரு மணி நேரம். மூன்றும் பின் தெரு. மூன்றாவதின் பக்கத்தில், கருவி துண்டிக்கப்பட்டது, 11.20.

நெட்டையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 25, புதன்

பள்ளி விட்டு ஐந்து மணிக்கு வந்தேன். குடோன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே நான்கு டிரைவர்கள். சுருட்டிய மெத்தைகளை இரண்டு பக்கமும் கூரை வரை அடுக்கி நடுவில் ஒரு அறை மாதிரி செய்திருந்தார்கள். மெத்தைக்கு நடுவில் அடித்தால் வெளியே கேட்காதாம். நெட்டையின் யோசனை.

நடுவில் மெக்கானிக். சரக்கு ஏற்றுகிற தள்ளுவண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெட்டையின் கையில் சரக்கு கட்டும் பட்டை, இரும்புக் கொக்கி உள்ள முனை வெளியே. ஓங்கும்போது அது மேலே விளக்கில் ஒருமுறை பட்டது. கண்ணாடி எல்லார் தலையிலும் கொட்டியது. யாரும் தட்டிவிடக்கூட இல்லை. கொக்கி விழுந்த இடத்தில் சட்டையோடு சதையும் வந்தது.

வண்டி எங்கே, எவனுக்குச் சொன்னாய், சீட்டுக்கு அடியில் எதைக் கழற்றினாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள்.

“வண்டி நின்னுபோவுதுன்னு கொண்டாந்தாரு. பார்த்தேன். ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டேன். ஏதோ புது வயர் இருந்துது, புடுங்கிப் பார்த்துட்டு மாட்டிட்டேன். அவ்வளவுதான்பா.”

ஒவ்வொரு அடிக்கும் அதையேதான் சொன்னார். நிஜத்தைச் சொல்கிற ஆளுக்கு வேறு பதில் இல்லை போலிருக்கிறது. இந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், வேறொருவர் வாயில்.

ஒரு டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ பாப்பா என்றார். போனேன். எழுதுகிறேன். என்ன எழுதி என்ன? வாயைத் திறந்திருக்க வேண்டியதுதானே. கால் அசையவில்லையா? நாக்குமா?

மீசை ஒரு பக்கம் இல்லை. பிய்த்துவிட்டார்கள்.

மார்ச் 26, வியாழன்

அவரை வெளியே விடவில்லை. குடோனிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய மனைவி காலையில் வாசலுக்கு வந்து கேட்டார்கள். வெளியூருக்கு ஒரு வண்டி பார்க்கப் போயிருப்பார் என்று அப்பா சொன்னார். முகம் மாறாமல் சொன்னார்.

நெட்டை நாள் குறித்துவிட்டார். நாளை சாயங்காலம் வரை நேரமாம். அதற்குள் வண்டி இருக்கிற இடத்தைச் சொல்லாவிட்டால், மெக்கானிக்கின் வலது கையும் வேன் கதவுக்குள் போகும். ஸ்பானர் பிடிக்கிற கை. எல்லோரும் சரி என்றிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆபீஸ் அறையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்து மேசையில் டிரிப் ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள்.

“மூணு தடவையும் வண்டியை நிறுத்தினது நான்தான்பா. விளையாட்டுக்கு. அதனாலதான் சித்தப்பா அங்க கொண்டுபோனாரு. மெக்கானிக்குக்கு ஒண்ணும் தெரியாது.”

அறை வரும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். வரவில்லை.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத.”

பிறகு மெதுவாக, கணக்கு சொல்லிக் கொடுக்கிற மாதிரி விளக்கினார். ஒன்றும் தெரியாத ஆளை இப்படி அடித்தோம் என்று தெரிந்தால் எல்லோரும் ஜெயிலுக்குப் போக வேண்டும். நிறுத்துகிற பொத்தான் ஒன்று இருந்தது என்று டிரைவர்களுக்குத் தெரிந்தால் நாளை ஒருவனும் வண்டியை எடுக்க மாட்டான். உன் சித்தப்பாவுக்குத் தெரிந்தால்... அதை முடிக்கவில்லை. அப்போ மெக்கானிக் கை என்றேன். அப்பா எழுந்து டயர் காற்றைப் பார்க்கப் போய்விட்டார். எட்டு வண்டிக்கும் பார்த்தார். முப்பத்திரண்டு டயர்.

அம்மாவின் பேனா நின்றிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பொருத்தின அன்றைக்கு இந்தப் பொத்தானைப் பற்றி அவளுக்கும்தான் சொன்னார்கள்.

நான் பேசினால் அப்பா. பேசாவிட்டால் அந்தக் கை. சித்தப்பா என்னை இனிப் பார்ப்பாரா என்பதையும் சேர்த்து எடை போடுகிறேன், இந்த நேரத்திலும். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

காலை ஆறே முக்காலுக்கு அம்மா தன் போனை என் முன்னால் வைத்து, “சார்ஜ் போடு” என்றாள். எண்பது சதவீதம் இருந்தது. வைத்துவிட்டு, குடோன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஏழு மணிக்கு எட்டு வேனும் எஞ்சின் ஓட முற்றத்தில் வரிசையாக நிற்கும். முதல் வண்டி நெட்டைக்கு இப்போது கொடுத்திருப்பது, வாசலைப் பார்த்து. எட்டையும் தேர்ந்தெடுத்தேன். ‘நிறுத்து’.

எட்டு எஞ்சினும் ஒன்றாக அடங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. டிரைவர்கள் சாவியைத் திருப்பினார்கள், திருப்பினார்கள், இறங்கினார்கள். நான் முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். போனைத் தூக்கிக் காட்டி, ‘விடு’. இப்போது போட்டுப் பாருங்கள் என்றேன். எட்டும் பிடித்தன. மறுபடி நிறுத்தினேன். மூன்று முறை செய்து காட்டினேன். என் வாழ்க்கையிலேயே பெரிய குறும்பு இதுதான். யாரும் சிரிக்கவில்லை.

சொன்னேன். பொம்மைக் கடை சிக்னலிலிருந்து எல்லாவற்றையும். சூளைப் பக்கம் நின்றதும் வியாதி இல்லை, இதுதான் என்றேன்.

நெட்டை என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து குனிவதற்கு நேரமானது.

“அன்னைக்கு போன் யார் கையில?”

“என் கையில.”

“நிறுத்தச் சொன்னது யாரு?”

 என் கண் ஆபீஸ் வாசலுக்குப் போய்விட்டது. அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“எங்க சீட்டுக்கு அடியிலயே வெச்சிட்டு, எங்ககிட்டயே சொல்லலை” என்றார் நெட்டை, யாரிடம் என்று இல்லாமல். பிறகு நடந்துபோய் அப்பாவின் மூக்கில் குத்தினார். அப்பா விழுந்தார். எழுந்தார். நெட்டை மறுபடி குத்தினார். வயிற்றில் மிதித்தார். ஏழு டிரைவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் அப்பாவின் மேல் விழுந்தேன்; யாரோ என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். ஆபீஸ் கண்ணாடியில் ஜாக்கி கம்பி பறந்தது. அப்பா கையை உயர்த்தித் தடுக்கவே இல்லை. தடுத்திருக்கலாம்.

குடோன் ஷட்டர் மேலே ஏறுகிற சத்தம் கேட்டதும்தான் நின்றார்கள். அம்மா மெக்கானிக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். அவரால் நிமிர முடியவில்லை. வெளிச்சத்தில் பார்த்தபோது முதுகில் சட்டை எது, முதுகு எது என்று தெரியவில்லை. அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வாசலைக் கடந்து போனார். நெட்டை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்மேல் மட்டும் மெக்கானிக்கின் பார்வை நிற்கவே இல்லை. நான் செய்தது என்னவென்று அவருக்கு இன்னும் தெரியாது.

மார்ச் 28, சனி

போலீஸ். அப்பா, நெட்டை, இன்னும் மூன்று பேர். அப்பா மூக்கில் பஞ்சோடு ஜீப்பில் ஏறினார்.

ஏப்ரல் 6, திங்கள்

வேன் திருடுகிறவர்கள் பிடிபட்டார்கள். ஐந்தாம் நம்பரின் கதவுகள் மட்டும் கிடைத்தன. யாரும் அவர்களுக்கு வழி சொல்லவில்லையாம். நாங்கள் சரக்கு ஏற்றுகிற மெத்தைக் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு எந்த வேன் எந்தக் கிழமை எங்கே போகிறது என்று மூன்று வாரம் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் இதைச் சாதாரணமாகச் சொன்னார். நெட்டை அழுத்திய கழுத்து, மீசை, கொக்கி, எல்லாம் ஒன்றுமில்லாததற்கு.

அப்பா ஜாமீனில் வந்துவிட்டார். திங்கள்கிழமை தோறும் ஸ்டேஷனில் கையெழுத்து. மூக்கு இடப்பக்கம் திரும்பியே இருக்கிறது. என்னிடம் பேசுவதில்லை. நேற்று என் தட்டில் சோறு போட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

அம்மாவோடு பின் தெருவுக்குப் போனேன். மெக்கானிக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். நான் செய்ததைச் சொன்னேன். முகத்தைத் திருப்பாமலேயே கேட்டுக்கொண்டார்.

“மூணு தடவையும் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்ல” என்றார். அவ்வளவுதான்.

அவர் மனைவி எங்களை வாசல் வரை அனுப்பினார்கள். நாங்கள் தெருவில் கால் வைத்ததும் ஷட்டரைக் கடைசிவரை இழுத்துச் சாத்தினார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆறு வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் பெட்டி இருக்கிறது. பொத்தான் இப்போது அந்தந்த டிரைவர் போனில். அம்மாவின் ஏற்பாடு. யாராவது மறித்தால் இறங்கிவிட வேண்டும், வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், ஓடித் தப்பிய பிறகு முடிந்தால் நிறுத்தலாம், முடியாவிட்டால் போகட்டும். காகிதத்தில் எழுதி முற்றத்தில் ஒட்டியிருக்கிறாள். கேட்கிற வசதியைப் பொருத்துகிறவரை வரவழைத்துப் பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நடுவிரலும் போய்விட்டது. மருத்துவமனையிலேயே யாரோ அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாக நான் பார்க்கப் போகவில்லை. போனேன், லிப்ட் வரை. தினமும்.

இன்று மாடியிலிருந்து கூப்பிட்டார். வாலு என்று கூப்பிடவில்லை, “யாரு கீழே?” என்றார். போனேன். குளித்துவிட்டுச் சட்டையை மாட்டியிருந்தார். பொத்தான் போடச் சொன்னார். கிட்டே நின்றேன். மருந்து வாசனை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

முதல் பொத்தான் போடும்போது கேட்டார்.

“நாலு நிமிஷமா?”

“நாலு நிமிஷம் பத்து செகண்ட்.”

“பூராவும் கேட்டுக்கிட்டு இருந்தியா?”

“ம்.”

“நான் அழுதது?”

“ம்.”

ஜன்னல் பக்கம் திரும்பினார். முற்றத்தில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாத” என்றார்.

நான் தலையாட்டினேன். இரண்டாவது பொத்தானை மூன்றாவது ஓட்டையில் போட்டுவிட்டேன், கண் தெரியவில்லை. அவர் என் கையை விலக்கிவிட்டு, அதை அவிழ்த்து, இடது கையால் முதலிலிருந்து போட ஆரம்பித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். நழுவியது. உதவ நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். போகச் சொல்லவும் இல்லை அவர். கடைசிப் பொத்தான் வரை நின்றுகொண்டிருந்தேன்.